வலி ஊசி

என் மனைவிக்கு முதல் ஊசி போட்ட நாளில் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். 2007ஆம் வருஷம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சிதம்பரத்தில் அவள் நர்ஸாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியிலேயே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். சிறுநீரகத்தில் கல். வார்டில் எத்தனையோ பேரின் அலறலைக் கேட்டுப் பழகியவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். கூட வேலை பார்க்கும் பெண்தான் வந்து ஊசி போட்டாள். பத்து நிமிஷத்தில் அவள் முகம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள்.

"வலி போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. வலி அங்கியேதான் இருக்குது. ஆனா என்னுது இல்லாத மாதிரி இருக்குது. பக்கத்து பெட்ல யாருக்கோ வலிக்கிற மாதிரி."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மூன்றாம் நாள் கல் தானாக வெளியேறிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எங்களுக்கு 2004இல் கல்யாணம். அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். நான் கடலூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர். காலையில் பஸ் பிடித்தால் திரும்ப ஏழு மணியாகும். தெருவில் என்னை யாருக்கும் தெரியாது, அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பைக்கில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட லாட்ஜ் பையன்கள் "சிஸ்டர்க்கா" என்று கூப்பிட்டபடி வந்து நிற்பார்கள். பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டே அவர்களைத் திட்டுவாள். மருந்து விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். என் அம்மாவின் சர்க்கரை மாத்திரையை டாக்டர் மாற்றி எழுதிவிட்டார் என்று ஒருமுறை டாக்டரிடமே போய்ச் சண்டை போட்டு, அவள் சொன்னதுதான் சரி என்று ஆனது.

என் அப்பா குடிப்பவர். அதனால் போதை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலுக்கு வரும் முன்பே வாசனை வரும். பிறகு சத்தம், பிறகு தட்டு பறக்கும். இவளிடம் வந்தது வாசனையும் சத்தமும் இல்லாதது. முன்பெல்லாம் டியூட்டி முடிந்து வந்தால் சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணை மூடிவிடுவாள். குழந்தை மடியில் ஏறினால்கூட "செத்த நேரம் வுடும்மா" என்பாள். அந்தக் கல் விழுந்து சில மாதத்தில் மாறிப்போனாள். வந்ததும் குளிப்பாள். குளித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து பேசுவாள். மயக்க மருந்து டாக்டர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டுவாள். மூக்கு நுனியை லேசாகச் சொறிந்துகொண்டே சிரிப்பாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இப்போதுதான் என்னோடு ஒட்டுகிறாள் என்று நினைத்தேன். வண்டிகேட் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக வீட்டுக்கு நடப்பேன். அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் "என்னா சார், புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி ஓடுறீங்க?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி ஊறவைக்கும்போது அவள் யூனிஃபார்ம் பையில் உடைத்த கண்ணாடி மருந்துக்குப்பிகள் இரண்டு கிடைத்தன. குப்பையில் போட மறந்ததாகச் சொன்னாள். நம்பினேன். சித்திரை வெயிலில் முழங்கை வரைக்கும் கை வைத்த ரவிக்கை தைத்துக்கொண்டாள். அதையும் நான் யோசிக்கவில்லை. கடைசியில் என் கைதான் கண்டுபிடித்தது. அவள் தொடையில் ஓர் இடம் மரக்கட்டை போல இறுகியிருந்தது. தோல், தோலாக இல்லை.

"என்னா இது?"

அவள் பதறவில்லை. நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுவது போல நிதானமாகப் பேசினாள்.

"அன்னிக்கி எனக்குப் போட்டாங்களே, அந்த ஊசிதாங்க. வாரத்துல ரெண்டு மூணு தடவ போட்டுக்குறேன். அது போட்ட எடம் இப்படி கட்டியாயிடும். பயப்படாதீங்க, எனக்கு அளவு தெரியும்."

"கல்லுதான் போயிடுச்சே?"

"கல்லுக்கு இல்லீங்க." புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். "டியூட்டி முடிஞ்சி ஒடம்பு மட்டும்தான் வூட்டுக்கு வருது. காதுக்குள்ள யாராவது கத்திக்கிட்டே இருக்காங்க. இத போட்டா நின்னுடுது."

யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குடிக்கிற புருஷன் என்றால் சொல்வதற்கு ஆள் உண்டு. என் அம்மா அழுதுகொண்டு தெருவுக்கு வந்தால் நாலு பேர் கூடுவார்கள், போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபிப்பார். ஊசி போட்டுக்கொள்ளும் பெண்டாட்டிக்கு யார் கூடுவார்கள்? ஆஸ்பத்திரியில் சொன்னால் வேலை போகும். வேறு எங்கும் கிடைக்காமலும் போகும். அவளுக்கு இருப்பது பண்ருட்டியில் ஒரு தம்பி. அக்கா படித்து வாங்கிய வேலையைச் சொல்லிச் சொல்லியே அவன் வளர்ந்தவன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வேதப் புத்தகத்தின் மேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். மனசாரத்தான் செய்தாள், எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டுப் பொங்கல் வரைக்கும் தாங்கியது.

2009இல் ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரிக்குப் புதுப் பூட்டும் ரிஜிஸ்டரும் வந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கும் கண்ணும் ஒழுகின. ஓயாமல் கொட்டாவி விட்டாள். கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது.

"அம்மா ஏன் அழுவுது?" என்று மகள் கேட்டாள்.

"ஜலதோஷம்டி" என்றேன்.

குழந்தை நகர்ந்ததும் என் சட்டையைப் பிடித்தாள். "நாளைக்கி கடலூர்லேர்ந்து ஒரே ஒரு தடவ வாங்கியாங்க. கல்லு வந்தப்ப எழுதிக் குடுத்த சீட்டு இருக்குது. திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சித்தான் நிறுத்தணும். நான் நர்ஸு, எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் மதியம் எங்களைத் தெரியாத ஒரு மெடிக்கலில் போய் நின்றேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"ஒய்ஃபுக்கு. கல்லு."

"அய்யோ, அது ரொம்பக் கஷ்டமாச்சே" என்று எடுத்துக் கொடுத்தார்.

சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது எனக்கு வியர்த்தது. அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தலைவாரி, பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தக்காளி சாதம் கிளறினாள். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே கதை சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். அன்றைய சாயங்காலம் நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மீதி எழுதுவது பொய்யாகிவிடும்.

ஒரு தடவை என்றது இரண்டு வருஷத்துக்கு மேல் நீண்டது. அந்தச் சீட்டைக் கேட்பதையும் கடைக்காரர் நிறுத்திவிட்டார்.

2010இல் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மேட்ரன் எனக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னார். என் மனைவிக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமை நர்ஸ் அவர். துணி மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, இடுப்பெலும்பு ஒடஞ்சி ஆபரேஷன் பண்ண ஒரு வயசானம்மா. ரெண்டு நாளா வார்டே அதிர்ற மாதிரி கத்துச்சி. டாக்டர் அளவ ஏத்தி ஏத்தி எழுதுறாரு, கேக்கவே இல்ல. மூணாவது நாள் வேற பொண்ணு ஊசி போட்டா. பத்து நிமிஷத்துல தூங்கிடுச்சி." என் முகத்தைப் பார்க்காமல் ஒரு போர்வையை மடித்தார். "அதுக்கு முந்தி உங்க ஒய்ஃபு போட்டதெல்லாம் வெறும் தண்ணி, தம்பி. அவளே ஒத்துக்கிட்டா. போலீசுக்குப் போவலன்னு சொல்லிட்டாங்க. நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க."

மாடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்மைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் கூட்டிவந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், நான் கேட்காமலே சொன்னாள்.

"அந்தம்மாவுக்குப் பாதியாவது குடுத்துடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நெனச்சிக்கிட்டு அலமாரியத் தொறப்பேன். கைல எடுத்ததுக்கு அப்புறம் முடியலங்க."

நான் அவளை அடிப்பேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அப்படித்தான் நின்றாள். எனக்கு அந்த அம்மாளின் முகம்கூடத் தெரியாது. இருந்தும் அவர் கத்தியதில் எனக்கும் பங்கு இருந்ததாகத் தோன்றியது. இவளுடைய பழக்கம் நின்றுவிடாமல் காப்பாற்றி வைத்தவன் நான். வார்டில் வேலை இருந்த நாளில் நான் வாங்கியது போதாமல்தானே அவள் அங்கே கை வைத்தாள் என்றும், நான் வாங்கவே தொடங்கியிருக்காவிட்டால் அப்போதே பிடிபட்டு இத்தனை தூரம் வந்திருக்காது என்றும், மாற்றி மாற்றி யோசித்தேன்.

ஒரு மாதத்துக்குள் கடலூர் செம்மண்டலத்துக்கு வீடு மாற்றினோம். அவள் வேலைக்குப் போகவில்லை. மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வார்டில் எழுதுவது போலவே கட்டம் போட்டாள். தேதி, நேரம், எவ்வளவு என்று எழுதி, வாரா வாரம் குறைத்துக்கொண்டு வந்தாள். அழகான எழுத்து. குறைந்து குறைந்து ஓர் இடத்துக்கு வரும். அங்கிருந்து மறுபடி ஏறும். ஏறியதையும் மறைக்காமல் எழுதினாள். அப்படி மூன்று நோட்டு.

2011 டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு மகளைப் பண்ருட்டியில் மச்சான் வீட்டில் விட்டிருந்தோம். கிறிஸ்துமஸ் முடிந்த அந்த வாரக் கடைசியில் 'தானே' புயல் வந்தது. விடியற்காலையில் ஆரம்பித்த காற்று, விடிந்த பிறகும் ஓயவில்லை. எங்கள் சமையலறைக் கூரையின் சிமெண்ட் ஷீட் பிய்த்துக்கொண்டு போனது. எதிர்வீட்டு வேப்பமரம் மின்கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு தெருவை அடைத்து விழுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. காற்று தணிந்ததும் நான் வெளியே போய்ப் பார்த்தேன். திறந்திருந்த கடை ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் மெடிக்கலின் ஷட்டர் மேல் ஒரு விளம்பரப் பலகை விழுந்து மடிந்து கிடந்தது.

வீட்டில் மிச்சம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்கி சாயங்காலம் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். நாளைக்கி வயித்தால போவும். மூணாவது நாள்தான் ஜாஸ்தி. அப்ப நான் என்னா கேட்டாலும் நீங்க காதுல வாங்காதீங்க."

"பொண்ணு என்னா ஆச்சோ, பண்ருட்டிக்குப் போயிப் பாக்கணுமே" என்றேன்.

"போங்க" என்றாள். உடனே, "போவாதீங்க" என்றாள்.

பண்ருட்டிப் பக்கம்தான் அடி ஜாஸ்தி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பலாவும் முந்திரியும் ஒன்று விடாமல் சாய்ந்துவிட்டன, வீடுகள் மேலேயே விழுந்திருக்கின்றன என்றார்கள். சாலை முழுக்க மரம். நடந்து போனாலும் ஒரு நாளாகும். இவளைத் தனியே விட்டால் என்ன செய்துகொள்வாள் என்று தெரியாது. அங்கே குழந்தை என்ன ஆனாள் என்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் வாசற்படியில் நின்றேன்.

அவள் சொன்னது வரிசை பிசகாமல் நடந்தது. தெருமுனைக் கைப்பம்பில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்தேன். அது பாத்ரூமுக்கே போதவில்லை. கால்கள் தானாக உதைத்துக்கொண்டன. நான் அவற்றின் மேல் உட்கார்ந்து பிடித்தேன். மூன்றாம் நாள் என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டினாள். அவள் வாயில் அப்படி ஒரு சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை. பிறகு என் காலைப் பிடித்தாள். "ஆஸ்பத்திரி தொறந்திருக்கும், கல்லு வலின்னு சொல்லி தூக்கிட்டுப் போங்க, ஒண்ணே ஒண்ணு." காதில் வாங்காதே என்று அவளே சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "காலராவா தம்பி? தண்ணி சரியில்ல, கொதிக்க வெச்சிக் குடுங்க" என்று விறகு கொடுத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மச்சான் மகளை முன்னால் உட்கார வைத்து டூவீலரில் வந்து சேர்ந்தான். மரம் கிடந்த இடங்களில் வண்டியைத் தூக்கித் தாண்டி வந்ததாகச் சொன்னான். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் அழுததைப் பார்த்து அவன் கூச்சப்பட்டான்.

"ஏன் மாமா, நாங்கதான் நல்லா இருக்கோமே. அக்காவுக்கு என்னா, இப்படி எளச்சிக் கெடக்குது?"

"வயித்தால போவுது மச்சான்" என்றேன்.

ஒரு வாரத்தில் கஞ்சி குடித்தாள். பத்தாம் நாள் தூங்கினாள். பன்னிரண்டாம் நாள் எழுந்து, மிச்சமிருந்த கூரைக்குக் கீழே அடுப்பை நகர்த்தி வைத்து ரசம் வைத்தாள். கரண்ட் இன்னும் வரவில்லை. எனக்கு அந்தப் புயல் கர்த்தர் எங்களுக்காக அனுப்பியது என்றுகூடத் தோன்றியது. ஊரே அழிந்து கிடந்த நேரத்தில் அப்படி நினைத்தேன். மறுநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள்:

"மெடிக்கல் தொறந்துட்டானா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"ஒடம்பு கேக்கலீங்க இப்ப. ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. நான்தான் கேக்குறேன்."

முதல்முறையாக முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. "சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் அலுவலகத்தில் புயல் நிவாரணப் பட்டியல் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் நான் வந்தபோது, அவள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"நடந்தே போயி வாங்கியாந்தேன்" என்றாள். "அந்தாளு, சார் வரலியான்னு உங்களத்தான் விசாரிச்சாரு."

மாசி மாதம் தொடையில் இறுகியிருந்த இடம் வெடித்துப் புண்ணானது. நாற்றத்தை மறைக்க முடியவில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் பார்த்ததும் கேட்டுவிட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மூன்று வாரம் அங்கே வைத்துக்கொண்டார்கள். போதைக்காக வந்திருந்தவர்கள் எல்லோரும் குடித்த ஆண்கள். அவர்களுக்குத் துணையாக மனைவிகள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து ஒரு பெண், "உங்க அண்ணனா சார் உள்ள?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மச்சானிடம் அப்போதுதான் சொன்னேன். "எங்க அக்காவா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். போகும்போது திரும்பி, "நீங்க கூடவே இருந்தும் எப்படி மாமா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஆடி மாதம் சிதம்பரத்துக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அந்த மனநல டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"வாங்கிக் குடுத்தது நீங்கதான்னு அவங்க சொன்னாங்க. குத்தமா கேக்கல. ஏன் வாங்கிக் குடுத்தீங்க?"

"அவ கஷ்டப்படுறத பாக்க முடியல சார்."

"அது மட்டும்தானா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஊசி போட்ட சாயங்காலங்களில் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்ததையும், நான் சொன்ன அல்ப விஷயத்துக்கெல்லாம் சிரித்ததையும், அதற்காகவே நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்ததையும் அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. "அவ போட்டுக்கிட்டா, நானும் நல்லா இருந்தேன் சார்."

டாக்டர் எதையோ எழுதினார். "அடுத்த தடவ நீங்க தனியா வாங்க" என்றார்.

கடலூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இப்போது அதிகம் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை ஐந்து மாதமாக எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தவரை என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. புண் ஆறி வருகிறது. நேரத்துக்குச் சமைக்கிறாள், மகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள், ஏழரைக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். நான் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்கிறாள். சிரிக்க முயற்சி செய்வது தெரிகிறது.

முட்லூர் தாண்டியதும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் உங்கள மட்டும் கூப்ட்டு என்னா கேட்டாரு?"

"சும்மாதான். சாப்பாடு தூக்கம் பத்தி கேட்டாரு."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறாளா என்று இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்தது போல.

"சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.